பொட்டு வைத்த முட்டுக்கல்

1

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டுக்காரர் ஒரு புதுச் சட்டம் போட்டிருக்கிறார். பாத்திரம் கழுவுகிற மெஷினுக்குப் பொட்டு வைக்கலாம். காருக்கு வைக்கலாம், லேப்டாப்புக்கு வைக்கலாம், குளிர்காலத்தில் பனி தள்ளுகிற மண்வெட்டிக்குக்கூட வைக்கலாம். மகளின் மேஜையில் இருக்கிற அந்தக் கல்லுக்கு மட்டும் கூடாதாம்.

"போன வருசம் வச்ச பொட்டுக்கே போலீஸ் வரைக்கும் போவப் பாத்தோம். போதும் சாமி" என்றார்.

"சட்டத்தையெல்லாம் உங்க கம்பெனியோட வச்சிக்கங்க" என்றேன். ஆனாலும் நான் கல்லைத் தொடவில்லை. அதற்கு இனிமேல் பொட்டு வைக்கத் தேவையும் இல்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் ஜெர்மனியின் தெற்கே, உல்ம் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்குக் குடிவந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ். வீட்டுக்காரர் செந்தில் மெஷின் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மகள் கயல், பன்னிரண்டு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். "தமிழ்ல சொல்லுடி" என்றால் "சரி" என்று ஒரே ஒரு வார்த்தை தமிழில் வரும். அப்புறம் மறுபடியும் ஜெர்மன்தான்.

ஆயுத பூஜையை மட்டும் விட்டதில்லை. "எதெல்லாம் நமக்காவ ஒழைக்குதோ அதுக்கெல்லாம் பொட்டு வையி" என்று என் அம்மா சொல்லும். அம்மா அரிவாளில் ஆரம்பித்து மோட்டார், இட்லி குண்டான், டி.வி. ரிமோட், கதவுக்கு முட்டுக் கொடுக்கிற கல் வரைக்கும் போகும். போன வருஷம் அந்த வேலையைக் கயலிடம் விட்டேன். குங்குமத்தைச் சந்தனத்தில் குழைத்துக் கொடுத்ததும் அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கல்லுக்கு ஒரு பொட்டு போதாதென்று வரிசை வரிசையாக வைத்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

2

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற ரோட்டில், பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடக்கிற தூரம். பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற பூமி. எங்கே தோண்டினாலும் நத்தை வரும். உயிருள்ள நத்தை இல்லை, சுருண்டு கல்லாகிப்போன நத்தை. எங்கள் வயல் கிணற்றின் சுவர் முழுக்க அப்படித்தான். நீச்சல் பழகும்போது மூச்சு முட்டினால் பக்கத்துச் சுவரில் ஒரு நத்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குவோம். ஆளுக்கொரு நத்தை உண்டு. என் நத்தையை என் தம்பி குமார் பிடித்தால் தண்ணீருக்குள்ளேயே அடிதடி நடக்கும்.

"இங்க ஒரு காலத்துல கடல் இருந்துச்சு" என்று பள்ளிக்கூடத்தில் சார் சொன்னபோது வகுப்பில் ஒருத்தரும் நம்பவில்லை. "கடலு வேளாங்கண்ணியிலதானே சார் இருக்கு" என்று ஒருத்தன் எழுந்தே கேட்டான். சார் எங்களைச் சாத்தனூருக்குக் கூட்டிப்போய்க் கல்லாகிப்போன மரத்தைக் காட்டினார். நாங்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுவிட்டு, அப்போதும் நம்பாமல் திரும்பி வந்தோம்.

ஒரு கோடையில் அப்பா கிணற்றை ஆழப்படுத்தினார். கடப்பாரை பட்டு ஓர் உருண்டைக் கல் தேங்காய் உடைத்த மாதிரி இரண்டு மூடியாகப் பிளந்தது. ஒரு பாதியில் நத்தை துருத்திக்கொண்டு நின்றது. இன்னொரு பாதியில் அதே நத்தை குழியாக இருந்தது. இரண்டிலும் குறுக்கே ஒரு வெள்ளை ரேகை ஓடியது. புது வீட்டுக்கு ரெட்டைக் கதவு போட்டிருந்த நேரம் அது. ஆடிக் காற்றில் கதவு படார் படார் என்று அடிக்கும். அப்பா ஆளுக்கொரு பாதியாக இரண்டு கதவுக்கும் முட்டுக் கொடுத்துவிட்டார். அதற்கு மேல் அந்தக் கல்லைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் போனபோது, கிளம்புகிற அன்றைக்குக் குமார் கயலிடம் கேட்டான். "மாமா வூட்டுலேர்ந்து என்னா வேணுமோ எடுத்துக்கடா கண்ணு. கொலுசா, பாவாடையா?" அவள் நேராகப் போய்க் கதவடியிலிருந்து நத்தை துருத்தின பாதியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குமார் தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, ஒம் பொண்ணு கதவுலயே கைய வச்சிட்டா!" கொடுத்த வாக்கை மாற்ற முடியாதே. அன்றிலிருந்து அந்தக் கதவு செங்கல்லில் நிற்கிறது.

திருச்சி ஏர்போர்ட்டில் பையைத் திறந்து பார்த்தவர், "என்னங்க இது?" என்றார்.

"முட்டுக்கல்லு சார்."

"ஏம்மா, நீங்க போற ஊர்ல கல்லே இல்லியா?" என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டார். கல் எங்கள் ஊரிலிருந்து இப்படித்தான் கடல் தாண்டியது.

3

போன ஈஸ்டர் விடுமுறையில் ஆதிமனிதர்கள் வாழ்ந்த குகை ஒன்றைப் பார்க்கப் போனோம். உல்ம் பக்கமும் அரியலூர் மாதிரி சுண்ணாம்புப் பாறைதான் என்பதால் மலைக்குள்ளே தண்ணீர் அரித்து அரித்துக் குகைகள் நிறைய உண்டு. செந்தில் குடும்ப டிக்கெட் எடுத்தார். நான் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டினேன். வெளியே நல்ல வெயில். உள்ளே ஐஸ் பெட்டி மாதிரி குளிர் என்று தெரிந்திருந்ததால் சுடிதாருக்கு மேல் ஸ்வெட்டரும் அதற்கு மேல் சால்வையும் போட்டுப் போனேன்.

முதலில் ஒரு சின்ன காட்சிக்கூடம். கண்ணாடிப் பெட்டிக்குள் நாலைந்து கூழாங்கற்கள். ஒவ்வொன்றின் மேலும் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. தாடி வைத்த இளைஞர் ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வழிகாட்டி. "பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் இந்தக் குகையில் வாழ்ந்தவர்கள் செம்மண் தொட்டு வைத்த புள்ளிகள் இவை. எதற்காக வைத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது" என்றார்.

"ஆயுத பூஜையா இருக்கும்" என்றேன் செந்திலின் காதில். அவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

கயல் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். பிறகு என்னை ஒரு மாதிரி திரும்பிப் பார்த்தாள். பாத்ரூம் போக வேண்டுமோ என்று நினைத்தேன். அவள் முதுகுப்பையில் எங்கள் வீட்டுக் கல் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? குகைச் சுவரில் நத்தை இருப்பதாக எங்கோ படித்துவிட்டு, நம் நத்தையும் அந்த நத்தையும் ஒன்றா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க எடுத்து வந்திருந்தாளாம்.

உள்ளே போனோம். மேலேயிருந்து சொட்டின தண்ணீர் கல்லாகித் தொங்குகிறது. கீழே விழுந்தது கல்லாகி எழும்பி நிற்கிறது. ஒரு விரல் நீளம் வளரப் பல தலைமுறை ஆகுமாம். அடேயப்பா, நான் வாயைப் பிளந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் முந்திரி விளைகிற ஆண்டிமடத்துக்காரர். அவருக்குக் கல்லென்றால் முந்திரிக்கொட்டை உடைக்கிற கல்தான். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தவர் தாழ்ந்த இடத்தில் நங்கென்று மண்டையை இடித்துக்கொண்டார். "ஐயோ!" என்றார். குகை அதை மூன்று தடவை திருப்பிச் சொன்னது. கூட வந்த ஜெர்மன்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

நான் அவர் தலையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த அந்த ஐந்து நிமிஷத்தில் கயல் கூட்டத்தோடு முன்னால் போய்விட்டாள். எங்களுக்கு முன்னால் எங்கோ ஒரு சத்தம் கேட்டது. யாரோ யாரையோ அதட்டுகிறார்கள். போய்ப் பார்த்தால் என் மகளைக் காணோம்.

4

வழிகாட்டி அவளை வேறு வழியாக ஆபீஸுக்குக் கூட்டிப்போய்விட்டதாகக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். வாசலில் இருந்த அந்த ஆபீஸுக்கு ஓடினோம். கயல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தாடிக்காரர் நின்றுகொண்டிருந்தார். மேஜைக்குப் பின்னால் கண்ணாடிக்குக் கயிறு மாட்டின ஒரு வயதான அம்மாள். குகைக்கு அவர்தான் பொறுப்பு. மேஜைமேல் ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலம்.

தாடிக்காரர் சொன்னார்: "அகழாய்வு செய்கிற இடத்தில் கயிறு கட்டியிருக்கிறோம். அதற்குப் பக்கத்தில் உங்கள் மகள் கையில் புள்ளி வைத்த கல்லோடு நின்றாள். இது விளையாட்டுக் காரியம் இல்லை. நாங்கள் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தேவைப்பட்டால் போலீஸுக்கும்."

என்ன செய்திருக்க வேண்டும் நான்? அந்தத் துணியைப் பிரித்துக் காட்டுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். என் மகளிடம் என்ன நடந்தது என்று கேட்டிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. எங்கள் குடியுரிமை விண்ணப்பம் ஒரு வருஷத்துக்கும் மேலாக ஆபீஸில் கிடக்கிறது. உங்கள் மேல் ஏதாவது விசாரணை உண்டா என்று அதில் ஒரு கேள்வி. அந்தக் கட்டம்தான் என் கண்ணுக்குள் வந்தது.

"மன்னிக்க வேண்டும். சின்னப் பிள்ளை, தெரியாமல் எடுத்துவிட்டாள். மன்னியுங்கள். இனிமேல் செய்யமாட்டாள். தயவுசெய்து மன்னியுங்கள்" என்றேன். ஒன்பது வருஷத்தில் நான் தப்பே இல்லாமல் பேசின ஜெர்மன் அதுதான். வந்த நாளிலிருந்து ரயிலில், கடையில், ஆபீஸில் சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆன வார்த்தை அது.

கயல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தமிழில், அதுவும் அவள் மாமா பேசுகிற தமிழில் சொன்னாள்.

"நான் எடுக்கலம்மா. அது நம்ம வூட்டுக் கல்லு."

"சும்மா இருடி. மொதல்ல மன்னிப்புக் கேளு."

சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்துவிட்டது. அவளுக்குக் கண் நிறைந்தது, ஆனால் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. "எடுக்காததுக்கு ஏன் கேக்கணும்?" என்றாள்.

அந்த அம்மாள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கையுறை போட்டுக்கொண்டு பொட்டலத்தை மெதுவாகப் பிரித்தார்.

உள்ளே எங்கள் அப்பா வீட்டுக் கதவு முட்டுக்கல் இருந்தது. போன ஆயுத பூஜைப் பொட்டு கொஞ்சம் மங்கிப்போய், வரிசை வரிசையாக அதன் மேல் அப்படியே இருந்தது.

5

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதற்குப் பின்னாலேயே வெட்கம் வந்தது. "இது எங்கள் கல்! இந்தியாவிலிருந்து கொண்டுவந்தது!" என்றேன். தாடிக்காரர் நம்பவில்லை. நம்பமாட்டார்தானே? இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் "எடுத்துவிட்டாள்" என்று சொன்னது நான்தான்.

"சோதனைக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். சில வாரம் ஆகும்" என்றார் அந்த அம்மாள். குரலில் கோபம் இல்லை. ஆனால் கல்லைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கயல் எழுந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே மோதிர விரலை நீட்டி ஒவ்வொரு பொட்டின் மேலும் தொடாமல் வைத்துக் காட்டினாள். அளவு கச்சிதமாக இருந்தது. "நான்தான் வைத்தேன்" என்று ஜெர்மனில் சொன்னாள். அந்த அம்மாள் கண்ணாடியைத் தூக்கி மாட்டிக்கொண்டு பார்த்தார். தாடிக்காரர், "அந்தக் காலத்திலும் சிறுமிகள் இருந்தார்கள்" என்றார். மனுஷன் லேசில் விடுவதாக இல்லை.

"குமாருக்குப் போனப் போடு" என்றார் செந்தில், தலையைத் தடவிக்கொண்டே. அன்றைக்கு அவர் சொன்ன ஒரே உருப்படியான யோசனை அது.

ஊரில் சாயங்காலம் ஐந்தரை மணி. குமார் லுங்கியோடு திரையில் வந்தான். பின்னால் சிமெண்ட் ஆலைக்குப் போகிற சுண்ணாம்புக்கல் லாரியின் சத்தம்.

"தம்பி, கதவுக்கு முட்டுக் குடுத்திருக்க கல்ல எடுத்துக் காட்டுடா."

"எதுக்குக்கா? மீதியையும் கேக்குதா ஒம் பொண்ணு?"

"பேசாத எடுத்துக் காட்டுடா!"

அவன் கல்லைத் தூக்கிக் காட்டினான். பின்னால் கதவு படார் என்று சாத்திக்கொண்டது. குழியான நத்தை, குறுக்கே வெள்ளை ரேகை, ஓரத்தில் அம்மா காலத்திலிருந்து வருஷா வருஷம் வைத்துக் கருத்துப்போன பொட்டு. அந்த அம்மாள் எங்கள் பாதியைக் கையில் எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் பிடித்தார். "கொஞ்சம் திருப்பச் சொல்லுங்கள். இன்னும் கொஞ்சம்." ரேகையும் ரேகையும் ஒரே கோட்டில் வந்தன.

"அக்கா, இந்தம்மா யாரு? கல்லு ஏவாரியா? எவ்ளோ குடுத்தாலும் தரமுடியாதுன்னு சொல்லிடு. ஏற்கனவே ஒத்தக் கதவு செங்கல்லுல நிக்குது."

நான் அதை அப்படியே ஜெர்மனில் சொன்னேன். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிக் கயிற்றில் தொங்கியது. தாடிக்காரரின் முகம் தாடிக்கு வெளியே தெரிந்த இடமெல்லாம் சிவந்துவிட்டது.

இது எங்கே கிடைத்தது என்று அந்த அம்மாள் கேட்க, குமார் போனைத் தூக்கிக்கொண்டு வயல் கிணற்றுக்கே நடந்துவிட்டான். படியில் இறங்கிச் சுவரைக் காட்டினான். "இது எங்கக்கா நத்த. இது என்னோடது. சின்ன வயசுல இதுக்குத்தான் என் முதுவுல குத்துவா." ஆபீஸ் வாசலில் டிக்கெட்டுக்கு நின்ற ஜெர்மன்காரர்கள் நாலைந்து பேர் உள்ளே வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் குகையை நாங்கள் பார்க்கப் போக, எங்கள் கிணற்றை அவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"எதற்காகப் புள்ளி வைப்பீர்கள்?" என்று அந்த அம்மாள் நோட்டை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"எங்களுக்காக உழைக்கிற பொருளுக்கெல்லாம் வருஷத்துக்கு ஒரு நாள் மரியாதை செய்வோம்."

"இந்தக் கல் என்ன வேலை செய்கிறது?"

"கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்."

அதையும் எழுதிக்கொண்டார். பிறகு தாடிக்காரர் கயலுக்கு முன்னால் குனிந்து கைகொடுத்து, "நான் தப்பாக நினைத்துவிட்டேன், என்னை மன்னித்துவிடு" என்றார். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். கயல் அவரை மன்னித்துவிட்டாள்.

6

திரும்பி வரும்போது காரில் பின்சீட்டில் கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் கேட்டாள், தமிழில்.

"நீ ஏம்மா கல்லப் பாக்காமயே சாரி சொன்ன?"

செந்தில் ரேடியோவை நிறுத்தினார். எனக்குப் பதில் தெரியும். பயந்துவிட்டேன்டி, என் பிள்ளையைவிட ஒரு படிவத்துக்குப் பயந்துவிட்டேன். அதைச் சொல்வதற்குப் பதிலாக, "புளிசாதம் அப்படியே கெடக்கு, சாப்புடுறியா?" என்றேன்.

"வேண்டாம்" என்றாள், ஜெர்மனில்.

நம் ஊரில் எந்த அம்மா பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள்? அடித்த கையாலேயே சோறு ஊட்டிவிட்டால் சரியாகிவிடும். நானும் தோசை சுட்டேன், தலைக்கு எண்ணெய் வைத்தேன், அவளுக்குப் பிடித்த முட்டை போண்டா போட்டேன். சாப்பிட்டாள், சிரித்தாள், பள்ளிக்கூடக் கதை சொன்னாள். ஆனால் கல் மேஜையில் இருந்தது. அறைக்குள் போகும்போதெல்லாம் எனக்குத்தான் அதைப் பார்க்க முடியவில்லை. தெருவில் போகிறவருக்கெல்லாம் சொல்கிற வார்த்தை பெற்ற மகளுக்குச் சொல்ல நாலு மாசமாக வரவில்லை.

7

ஆகஸ்டில் ஊருக்குப் போனோம். கயல் கல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "திருப்பிக் குடுக்கவா?" என்றேன். "இல்ல, பாக்கறதுக்கு" என்றாள்.

குமார் கல்லைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். "ஜெர்மன்காரங்களையே கதிகலங்க வச்ச கல்லாச்சே! வாங்க, வாங்க." கதவுக்கு வேண்டுமா என்று கயல் கேட்டாள். "வேணாம்டா கண்ணு. கதவு செங்கல்லோட சேந்து பழவிடுச்சு" என்றான்.

மறுநாள் காலையில் எல்லாரும் கிணற்றுக்குப் போனோம். தண்ணீர் அடியில் கிடந்தது. படி முழுக்கத் தெரிந்தது. கயல்தான் வழிகாட்டி. "குனிஞ்சு வாங்கப்பா, இடிச்சிக்கப் போறீங்க" என்று செந்திலிடம் சொன்னாள். மேலே வானம்தான் இருந்தது. ஆனாலும் அவர் குனிந்துதான் வந்தார். என் நத்தை அதே இடத்தில் இருந்தது. கை வைத்தேன். வழவழவென்று ஆகிப்போன அந்தப் பிடி அப்படியே இருந்தது.

குமாரும் செந்திலும் மேலே ஏறிப் போன பிறகு கயல் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். கதவடியிலிருந்து குமாரின் பாதியையும் தூக்கி வந்திருந்தாள். இரண்டையும் சேர்த்து மூடினாள். குழிக்குள் நத்தை உட்கார்ந்துகொண்டது. என் கைப்பையை வாங்கி எதையோ தேடினாள். நான் இரண்டு படி மேலே, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கயலு, அன்னிக்கு நான் பண்ணுனது தப்புடி. ஒன்ன நம்பியிருக்கணும். அம்மாவ மன்னிச்சுக்க."

அவள் திரும்பவில்லை. ஏதோ வேலையாக இருந்தாள்.

"இப்பவும் பாக்காமயே சொல்றியேம்மா" என்றாள். "மொதல்ல கல்லப் பாரு."

இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கைப்பையில் கோயில் குங்குமம் எப்போதும் மடித்து வைத்திருப்பேன். அதைக் கிணற்றுத் தண்ணீரில் குழைத்து, இரண்டு பாதியும் சேருகிற விளிம்பின் மேல் ஒரே ஒரு பெரிய பொட்டு வைத்திருந்தாள். காய்ந்ததும் கல்லைப் பிரித்தாள். அவள் பாதியில் அரைப் பொட்டு, அவள் மாமன் பாதியில் அரைப் பொட்டு.

"அடுத்த தடவ யாராச்சும் எதாச்சும் சொன்னா, இதப் பாத்துட்டு அப்பறம் பேசு. என்னா?"

"சரிடி" என்றேன்.